இலந்தைக்கு யார் உள்ளேன் சொன்னது?

குன்றடிக் காட்டில் கருவேலன் என்ற முள்ளம்பன்றி தன் மகள் இலந்தையோடு ஒரு வளையில் குடியிருந்தான். இலந்தையின் தாயைப் போன கோடையில் சிறுத்தை அடித்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வளைப் பக்கம் யாரும் வரவில்லை. அதற்கு முன்பும் அதிகம் பேர் வந்ததில்லை. முள் இருக்கும் வீட்டுக்கு விரும்பி யார் வருவார்கள்?

இலந்தைக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. சந்தோஷம் வந்தால் வால் முட்களைச் சலசலவென்று ஆட்டுவாள். பயம் வந்தால் கிடைத்த பொந்தில் மூக்கை நுழைத்துக்கொண்டு கல்லாகிவிடுவாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஏன் திரும்புவதில்லை என்று கருவேலனுக்கும் தெரியாது. தன்னிடம்தான் ஏதோ குறையோ என்று பல நாள் யோசித்திருக்கிறான்.

அந்தக் காட்டில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஒன்று ஆலமரத்தடிப் பள்ளி. அங்கே கிளி வாத்தியார் பாடம் நடத்தினார். மான்குட்டி, அணில்குட்டி, குரங்குக்குட்டி எல்லாம் அங்கேதான் படித்தன. இன்னொன்று குளக்கரையில் ஆள்காட்டிக் குருவி நடத்தியது. அதற்கு மரமும் கிடையாது, கூரையும் கிடையாது. வெறும் கூழாங்கல் தரை.

கருவேலன் முதலில் குளக்கரைக்குத்தான் போய்ப் பார்த்தான். ஒரே வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடக்கும் வாத்துக்குஞ்சு ஒன்று இருந்தது. ஒரு காலை இழுத்து நடக்கும் முயல் இருந்தது. காரணமே இல்லாமல் அழும் கீரிப்பிள்ளை ஒன்றும் இருந்தது. கருவேலன் தூரத்திலிருந்தே திரும்பிவிட்டான். இவர்களோடு என் மகளா என்று அவன் மனம் கேட்டது. அப்படிக் கேட்ட மனதை நினைத்து வழியெல்லாம் வெட்கப்பட்டான். ஆனாலும் அவன் கால்கள் ஆலமரத்துக்கே போயின.

கிளி வாத்தியார் நல்லவர்தான். பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதில் தனக்கு ஒன்றும் இல்லை என்றார். காலையும் மத்தியானமும் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" என்று பதில் வந்தால் போதும், அதுதான் இந்தப் பள்ளியின் வழக்கம் என்றார்.

முதல் நாள் காலை, இலந்தை கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முள் குத்தும் என்று மற்ற பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்தன. கருவேலன் ஆலமர வேருக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். வாத்தியார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"இலந்தை."

பதில் இல்லை. வாத்தியார் இன்னொரு முறை கூப்பிட்டார். ஒரு குரங்குக்குட்டி சிரித்தது. கருவேலன் தொண்டையை இறுக்கி, குரலை நூல்போல ஆக்கி, வேருக்குப் பின்னாலிருந்து சொன்னான்.

"உள்ளேன் ஐயா."

வாத்தியார் தலை நிமிராமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

இன்றைக்கு ஒரு நாள் மட்டும்தான் என்று கருவேலன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டான். பிறகு சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டான். தினமும் இரண்டு வேளை வருவான், வேருக்குப் பின்னால் பதுங்குவான், உள்ளேன் சொல்லிவிட்டுத் திரும்பிப் போவான். நாளடைவில் அந்தக் குரல் அவனுக்கு நன்றாகவே பழகிவிட்டது. ஒரு நாள் வழியில் பார்த்த தாய்க்குரங்கு கேட்டது.

"என்ன கருவேலண்ணே, உங்க பொண்ணுக்குச் சளியா? குரல் கிழட்டு ஓணான் மாதிரி இருக்குன்னு எம்பையன் சொல்றான்."

கருவேலன் சிரித்து மழுப்பினான். வளைக்குள் வந்து படுத்தபோது, தான் யாருக்காக இதைச் செய்கிறோம் என்ற கேள்வி வந்தது. மகள் படிப்பதற்காகவா, மகள் ஆலமரத்தடியில் படிக்கிறாள் என்று நாலு பேரிடம் சொல்வதற்காகவா? பதில் தெரிந்துவிடுமோ என்று பயந்து புரண்டு படுத்தான்.

ஒரு நாள் மத்தியானம் அவன் வரத் தாமதமாகிவிட்டது. ஓடிவந்து வேருக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்றான். அங்கிருந்து கடைசி வரிசை தெரியாது. குளக்கரையில் ஆள்காட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தாள். இவளுக்கு வேறு வேலையே இல்லையா, பெயர் கூப்பிடுவதுகூடக் கேட்கவில்லையே என்று எரிச்சல்பட்டான். வாத்தியார் கூப்பிட்டார். அவன் உள்ளேன் சொன்னான்.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஓடின. கடைசி வரிசையில் யாருமே இல்லை.

கருவேலன் வாத்தியாரிடம் ஓடினான். "ஐயா, இலந்தை எங்கே?"

"இங்கேதானே இருந்தா? மத்தியானம்கூட உள்ளேன் சொன்னாளே. என் காதால கேட்டேன்."

அப்போது அணில்குட்டி ஒன்று கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"மாமா, காலையிலேயே காய்ஞ்ச கிளை ஒண்ணு முறிஞ்சு விழுந்திச்சு. அந்தச் சத்தத்துல இலந்தை எந்திரிச்சு ஓடிட்டா."

"அப்பவே வாத்தியார்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"மத்தியானம் பேர் கூப்பிடும்போது சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்களே உள்ளேன்னு சொன்னீங்க. உங்ககிட்ட இருக்கான்னு நாங்கல்லாம் நெனச்சுக்கிட்டோம்."

அது அவன் குரல்தான் என்று பிள்ளைகள் எல்லோருக்கும் முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. வாத்தியாருக்கு மட்டும்தான் தெரியவில்லை. காலையிலிருந்து குழந்தையைக் காணோம், ஒருவரும் தேடவில்லை. தேட விடாமல் செய்தது தன் குரல்தான் என்று கருவேலனுக்கு உறைத்தது.

அவன் காடெல்லாம் ஓடினான். "இலந்தை, இலந்தை" என்று கூப்பிட்டான். ஓடை மணலில் நரியின் கால்தடம் ஈரமாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் உரக்கக் கூப்பிட்டான். கூப்பிட்டால் பதில் சொல்லத் தெரியாத பிள்ளையை எத்தனை முறை கூப்பிட்டு என்ன பயன்? தொண்டை கட்டியபோதுதான் நின்றான். நின்றபோதுதான் அவனுக்கு ஒன்று கேட்டது. ஆள்காட்டி இன்னும் கத்திக்கொண்டிருந்தாள்.

குளக்கரைக்குப் போனான். கூழாங்கல் தரையில் பள்ளிக்கூடம் இல்லை. சற்றுத் தள்ளி ஒரு தாழம்புதரைச் சுற்றி அத்தனை பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தன. ஆள்காட்டி மேலே வட்டமிட்டுக் கத்தி, எதிர்க்கரையில் நின்ற நரியை விரட்டிக்கொண்டிருந்தாள். புதருக்குள் மூக்கை நுழைத்தபடி இலந்தை இருந்தாள்.

ஆள்காட்டி கீழே இறங்கினாள். அவளுக்கும் குரல் கம்மியிருந்தது.

"உங்க பொண்ணா? காலையில வந்து புகுந்துக்கிட்டா. வெளிய வரச் சொன்னேன், வரலை. அதான் பள்ளிக்கூடத்தையே இங்கே கொண்டாந்துட்டோம்."

"எனக்கு ஆள் சொல்லி விட்டிருக்கலாமே."

"யார் பிள்ளைன்னு தெரிஞ்சாத்தானே? பிள்ளையைத் தேடி யாராவது வருவாங்கன்னுதான் காலையிலேருந்து கத்தறேன். ஒருத்தரும் வரலையே."

கருவேலன் தலை குனிந்தான். வாத்துக்குஞ்சு புதரைச் சுற்றி வட்டமடித்தது. அது இலந்தையின் பக்கம் வரும்போதெல்லாம் அவள் வால் மெல்லச் சலசலத்தது. அதைக் கருவேலன் பார்த்தான். ஆனால் அவர்களைப் பார்த்து ஒரு நாள் தூரத்திலிருந்தே திரும்பிப் போனவன், மகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் எப்படிக் கேட்பான்? மகளைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பினான்.

மறுநாள் அவன் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. ஆலமரத்தடிக்குப் போக மனம் இல்லை. குளக்கரைக்குப் போக முகம் இல்லை. இனி நாம் இருவர் மட்டும் போதும் என்று மகளை வளைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெயில் ஏறியது.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். ஆள்காட்டி நின்றாள். அவளுக்குப் பின்னால் முயல், கீரிப்பிள்ளை, வாத்துக்குஞ்சு என்று பள்ளிக்கூடமே நின்றது. வளை வாசலுக்கு இத்தனை பேர் வந்து அவன் பார்த்ததே இல்லை.

"பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஆள்காட்டி கேட்டாள். "இன்னிக்கு வரலையேன்னு பார்க்க வந்தோம்."

"அவளை உங்க பள்ளியில நான் சேர்க்கவே இல்லையே."

"நேத்து முழுக்க எங்ககூடத்தானே இருந்தா? இன்னிக்கு அவ இல்லாம ஒரு இடம் காலியா கிடக்கு. இந்த வாத்து பாடத்துக்கே உட்கார மாட்டேங்குது."

கருவேலன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் இலந்தை அவனைத் தாண்டி வெளியே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. வாத்துக்குஞ்சு வட்டமடிக்க, நொண்டி முயல் பின்னால் வர, எல்லோரும் ஓடைப்பக்கம் இறங்கினார்கள்.

கருவேலன் தனியாக வாசலில் நின்றான். வளை காலியாக இருந்தது. மகளின் வால் முட்கள் எழுப்பிய சத்தம் தேய்ந்து தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டே நின்றான்.

பெயரைக் கூப்பிடாத பள்ளி எங்கும் இல்லை. வராத பிள்ளையைத் தேடி வருகிற பள்ளி எதுவோ, அதுவே அந்தப் பிள்ளைக்கு ஏற்ற பள்ளி.