மொச்சைக்கொடிப் புழு

"அம்மா, நான் ஊருக்கே போய்விடுகிறேன்," என்றார் நீலமேகம்.

நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்று, அறுபத்திரண்டு வயதில் ஆசிரமத்துக்கு வந்தவர் அவர். குரு தவமணி அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. சீடரை ஐயா என்றுதான் கூப்பிடுவார்.

தியானம் கேட்டு வந்தவரிடம் அம்மா ஒப்படைத்தது மொச்சைத் தோட்டத்தை.

கொடியெல்லாம் அசுவினிப் பூச்சி. கறுப்பாய் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சியது. நடுநடுவே கால் இல்லாத பச்சைப் புழுக்களும் நெளிந்தன. பொடிப்பொடியான அசுவினி கைக்கு அகப்படவில்லை. புழுக்களைத்தான் பத்து நாளாய்ப் பொறுக்கி நசுக்கினார்.

அசுவினி இன்னும் பெருகியது. கொடி வாடியது.

ஒரு செடியைக் காப்பாற்றத் தெரியாதவனுக்கு ஞானம் எதற்கு என்று புலம்பினார்.

அம்மா அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். தப்பிப் பிழைத்திருந்த ஒரு புழுவைக் காட்டி, சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இதையே பாருங்கள், தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி அடித்தது. நீலமேகம் வரவில்லை.

அம்மாவே தட்டோடு போனார்.

"அதுக்குக் கண்ணே இல்லம்மா," என்றார் நீலமேகம், இலையிலிருந்து பார்வையை எடுக்காமல். "தலையைத் தூக்கித் துழாவுது. அசுவினி பட்டதும் கவ்வி, உறிஞ்சிட்டு, தோலைக் கீழே போடுது. இதுவரைக்கும் இருபத்தேழு."

புழுக்களை நசுக்கிய தன் விரல்களைப் பார்த்தார்.

"விசாரிக்காமலே தீர்ப்பு எழுதிட்டேன்."

அம்மா தயிர்சாதத்தைப் பிசைந்து அவர் கையில் ஓர் உருண்டை வைத்தார்.

"சாப்பிடுங்க ஐயா."

நீலமேகம் ஊருக்குப் போகவில்லை. விடிந்ததும் தோட்டத்துக்கு வந்துவிடுவார். புழு இருக்கும் கொடிப்பக்கம் யாரையும் விடமாட்டார். தண்ணீர் ஊற்ற வந்தவர்களைக்கூட மெதுவாக ஊற்றச் சொன்னார்.

ஐந்தாம் நாள் அம்மா வந்தபோது, அவர் துண்டைச் சுழற்றிக்கொண்டு கொடிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார். வேர்த்துக் கொட்டியது.

எதை விரட்டுகிறீர்கள் என்று அம்மா கேட்டார்.

"குளவிம்மா. மஞ்சக்கோடு போட்டது. நம்ம புழுவைத் தூக்கிட்டுப் போக வந்திருக்கு."

அம்மா துண்டை வாங்கிக்கொண்டு, சும்மா நிற்கச் சொன்னார்.

காற்றில் அசையாமல் நின்றிருந்த ஒன்று மெல்ல இறங்கியது. அசுவினிக் கூட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு முட்டையை வைத்துவிட்டு எழுந்தது.

"குளவி இல்லை, ஈ. கொட்டாது," என்றார் அம்மா. துண்டால் அவர் நெற்றி வியர்வையை ஒற்றிவிட்டார். "உங்க புழு வளர்ந்தா இதுதான். பெத்தவளையா ஐயா விரட்டுனீங்க?"