நிலவறைக்கு ஒரு சாட்சி

மிராசுதார் சிங்காரவேலு களஞ்சியம் கட்டக் கடைக்கால் தோண்டியபோது, பூமிக்குள் ஓர் அறை அகப்பட்டது. மண் சுமக்கும் செவந்திதான் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு சட்டியும் கொஞ்சம் எலும்பும் கிடந்தன.

மறுநாள் மிராசுதார் குழியருகே ஊரைக் கூட்டி, தம் முன்னோர் ஒருவர் அங்கே தவமிருந்து சித்தியடைந்ததாக அறிவித்தார். பெயர் ஞாபகமில்லை, சித்தர்களுக்குப் பெயர் எதற்கு? மடம் கட்டத் தீர்மானமாயிற்று. இடைஞ்சல், பக்கத்தில் செவந்தி ஒண்டியாக வசித்த குடிசை.

"காலி பண்ணு. இல்லேன்னா, அவர் தவமிருக்கலைன்னு சொல்ல அந்தக் காலத்துச் சாட்சியைக் கூட்டி வா," என்று சிரித்தார்.

செவந்திக்காகப் பேச ஊரில் நாதியில்லை.

"மகானுக்குத் துணைக்கு ஆள் இருந்துச்சா, எசமான்?"

"ஈ, காக்கா கிடையாது. தனியாப் போனார், தானே கதவைச் சாத்திக்கிட்டார்."

"என்னாட்டம்தான், பாவம்," என்ற செவந்தி, குழிக்குள் இறங்கி, அறைக்கு வெளியே நின்றபடி கதவைச் சாத்தினாள். "நேத்து நான் நீக்கின தாழ்ப்பாள் இந்தா, வெளிப்பக்கம் இருக்கு. இதைப் போட்டது யாரு, எசமான்? இதான் என் சாட்சி."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். மிராசுதார் குழியை மூடச் சொல்லிவிட்டு, வெயில் அதிகமென்று வீட்டுக்குப் போனார். குடிசையைப் பற்றி அப்புறம் பேச்சே எழவில்லை.

மண் தள்ளுவதற்கு முன் செவந்தி மறுபடி இறங்கினாள். தாழ்ப்பாளைப் பிடுங்கி எறிந்து, கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு ஏறி வந்தாள்.