கறுப்பு மணலுக்கு வந்த பழி

மலைக்கும் கடலுக்கும் நடுவே கருங்கரை என்றொரு நாடு. வெகுகாலத்துக்கு முன்னே அதை வேங்கையராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

ஒருநாள் வணிகன் ஒருவன் சங்குத்தீவின் மணலைக் கொண்டுவந்து காட்டினான். பாலாய் வெளுத்திருந்தது. ராஜாவுக்கு மனசு கெட்டுப்போயிற்று. "நம் கடற்கரை மட்டும் ஏன் கரியாய்க் கிடக்கிறது?" என்றான்.

மந்திரி திருமேனியின் ஆசனத்தின்மேல் வெகுநாளாய்க் கண்வைத்திருந்தவன் அகோரம். அவன் எழுந்து கனைத்தான். "மகாராஜா, நிர்வாகத்தில் பாவம் சேர்ந்தால் மண் கறுக்கும். நிர்வாகம் செய்வது யார்?"

"அவகாசம் கொடுத்தால் காரணத்தை..." என்று தொடங்கினார் திருமேனி.

"அவகாசமா? வேண்டியமட்டும் எடுத்துக்கொள்ளும்! மணல் வெளுக்கும்வரை கடற்கரைக் குடிசையிலே இரும். அதுவரை உம்மோடு யாரும் பேசக்கூடாது!" என்று சீறினான் ராஜா.

ஆறு கடலில் சேரும் இடத்தில் அந்தக் குடிசை. திருமேனிக்குப் பெண்டு பிள்ளை கிடையாது. சபையில் பேசிப் பேசியே வாழ்ந்த மனிதர். இப்போதோ வலைக்காரர்கள் அவரைக் கண்டதும் தலைகுனிந்து விலகிப் போனார்கள். முதலில் அலையோடு வாதாடினார். நண்டுகளின் சண்டைக்குத் தீர்ப்புச் சொன்னார். பிறகு அதையும் விட்டுவிட்டார். ஒருநாள் தும்மிவிட்டு, தன் தும்மல் சத்தத்தையே கேட்டு யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அன்று சோறு இறங்கவில்லை.

மீன்காரி கடலாச்சி மட்டும் அங்கே கூடையை இறக்கி, கூடையோடு பேசுவாள். "ஏ கூடை, கேட்டியா? சங்கரா மீன் நல்லா விழுந்திருக்கு. ஒண்ணை இங்கே போட்டுட்டுப் போறேன், நாய் தின்னாலும் தின்னட்டும்." அவரை ஏறிட்டும் பார்க்கமாட்டாள். அவரும் வாய்திறக்கமாட்டார், பதில் சொன்னால் அவளுக்கல்லவா ஆபத்து? அவள் போனபிறகு, கூடை இருந்த ஈரத்தடத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்.

பொழுது போகாமல் மணலைச் சிரட்டையில் அள்ளி அலசினார். இலேசான வெள்ளை மணிகள் தண்ணீரோடு போயின. கனத்த கறுப்பு மணிகள் அடியில் தங்கின. ஆறு உருட்டிவந்த கல்லை உடைத்தார். உள்ளேயும் அதே கறுப்பு.

"ஏ கூடை," என்றாள் கடலாச்சி ஒருநாள். "அந்த அகோரம் சங்குத்தீவு மணலைப் படகு படகா இங்கே கொட்டப்போறானாம். ராசா பார்க்க வாராராம். மந்திரி பதவியும் அவனுக்குத்தானாம்." சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படியே மணலும் வந்தது, ராஜாவும் வந்தான். அகோரம் எலுமிச்சம்பழம் கொடுத்து வரவேற்றான்.

"திருமேனி, இனி பேசலாம். உம்மால் முடியாததை அகோரம் முடித்துவிட்டான், பார்த்தீரா?" என்றான் ராஜா.

திருமேனிக்கு முதல் வார்த்தை வெறும் காற்றாகத்தான் வந்தது. பிறகு, "அந்த எலுமிச்சம்பழம்" என்றார்.

"ஐயோ பாவம், புத்தி பேதலித்துவிட்டது!" என்று அகோரம் சிரித்தான்.

திருமேனி ராஜாவிடமிருந்து பழத்தை வாங்கி வெள்ளை மணலில் பிழிந்தார். மணல் சீறி நுரைத்தது. ராஜா பின்வாங்கினான்.

"பயப்படாதீர்கள். புளிப்புப் பட்டால் சுண்ணாம்புக்கல்லும் இப்படித்தான் நுரைக்கும். இது செத்த சிப்பியும் பவளமும் பொடிந்த தூள். அந்தத் தீவில் மலையில்லை, ஆறில்லை. கொடுங்கோலன் ஆண்டாலும் அங்கே மணல் வெள்ளைதான்."

"அப்படியானால் நம் மணல்?"

திருமேனி கறுப்புக் கல் ஒன்றை உடைத்துப் பொடித்து ராஜாவின் கையில் கொட்டினார். வெள்ளை மணலுக்கு அடியிலிருந்த கறுப்பு மணலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. "மேற்குமலையை ஆறு அரைத்துக் கொண்டுவருகிறது. இலேசானதை அலை இழுத்துப்போகிறது, கனத்தது தங்குகிறது. இது பாவமென்றால், அகோரம் தங்கள் சிம்மாசனத்தையும் அல்லவா மாற்றவேண்டும்? அதன் பீடம் அந்த மலையில் வெட்டியதுதானே!"

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். அகோரத்தின் முகம் சுண்டியது. "அகோரம், இனி அந்தக் குடிசை உனக்கு! உன்னோடும் யாரும்..."

"வேண்டாம் மகாராஜா!" திருமேனியின் குரல் உடைந்தது. "கொட்டிய மணலை அவனே சுமக்கட்டும். அந்தத் தண்டனை மட்டும் எந்த மனுஷனுக்கும் வேண்டாம்."

ராஜா அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மெதுவாகக் கேட்டான்: "உமக்கு என்ன வேண்டும்?"

"கொஞ்சநேரம் என்னோடு பேசுங்கள்."

"என்ன பேச?"

"எதுவானாலும் சரி. காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?"

ராஜா கிரீடத்தைக் கழற்றிவிட்டு, கறுப்பு மணலில் அவர் பக்கத்திலே உட்கார்ந்தான்.

"புளியோதரை," என்றான். "உப்புக் கொஞ்சம் தூக்கல்."