நாலு தடவை காய்ந்த படகு

“எல்லாத்துக்கும் அவன்தான் காரணம். அவன் கண்ணு பட்டுத்தான் என் படகு ஒழுகுது!”

சத்திரத்து வாசலில் நின்று கத்தினார் காத்தமுத்து. மாட்டுத் தரகர். பாதிக் காயலுக்குக் கேட்கிற குரல்.

உள்ளே சத்திரத்தை நடத்துகிற பேச்சியம்மை முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தரகரைவிடப் பதினைந்து வயது இளையவள். சந்தையில் எவனுக்கும் தலை குனியாத மனுஷன், இவளிடம் மட்டும் மாதத்துக்கு ஒருமுறை வந்து வாங்கிக் கட்டிக்கொண்டு போவார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

“எவன்?” என்றாள்.

“அவன்தான்.”

“பேரு இல்லையா?”

“இருக்கு. என் வாயில வராது.”

அம்மை ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

அவன் என்றால் அக்கரை ஓடக்காரன். நாலு வருஷத்துக்கு முன்னால், தரகரின் ஒரே மகள் மரகதத்தை, அவரைக் கேட்காமல் கொள்ளாமல் தாலி கட்டிக் கூட்டிப் போனவன்.

அந்தக் காயலில் ஓடம் ஒன்றே ஒன்று. அது அவனுடையது. அந்தத் துறையில் ஒரு பழக்கமும் உண்டு. அக்கரைக்குப் போகிறவர் ஓடக்காரனைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வெறும் கூச்சலுக்கு ஓடம் வராது. கூச்சல் காற்றும்தான் போடும், நரியும்தான் போடும்.

‘அவன் ஓடத்தில் கால் வைத்தால் நான் காத்தமுத்து இல்லை’ என்று சந்தை நடுவில் நின்று சத்தியம் செய்தவர் இவர்.

போன மாதம் அக்கரையிலிருந்து வெற்றிலை பாக்கு வந்தது. கூடவே மகள் சொல்லி அனுப்பிய சேதியும் வந்தது.

‘பேரனுக்குக் காது குத்து. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, தாய்மாமன் மடிக்கு நான் எங்கே போக? அப்பா வந்தால் அப்பா மடி. வராவிட்டால் அம்மிக்கல் மேல் உட்கார வைத்துக் குத்திக்கொள்கிறேன்.’

அப்பனுக்குத் தப்பாத மகள்.

தரகர் அன்றைக்கே தொழுவத்து மாடுகளை அவிழ்த்து வெளியே கட்டினார். அந்த இடத்தில் படகு கட்ட ஆரம்பித்தார். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவர் பலகையை விடுவாரா? தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, அப்பளம்போல் காய்ந்த மாம்பலகையாக எடுத்தார். ஆசாரி வைத்தால் ஏமாற்றுவான் என்று எவனையும் கிட்டே சேர்க்கவில்லை. தானே அறுத்தார், தானே இழைத்தார், இடுக்குகளில் பஞ்சு திணித்துக் குங்கிலியம் காய்ச்சிப் பூசினார். சுத்தியலுக்கு இரண்டு நகம் போனது.

படகு லட்சணமாகத்தான் வந்தது. தண்ணீரில் இறக்கினால் ஒழுகியது.

“நாலு தடவை இறக்கிட்டேன் அம்மை. நாலு தடவையும் ஒழுகுது. ஒவ்வொரு தடவையும் கரையில இழுத்துப் போட்டு, வெயில்ல நல்லாக் காய வச்சு, மறுபடி பஞ்சு வச்சுப் பூசுறேன். முன்னைவிட அதிகமாத்தான் ஒழுகுது. அவன் தினமும் அக்கரையில நின்னு பாக்குறான். சிரிக்கிறான்.”

“அவ்வளவு தூரத்துல சிரிப்பு தெரியுதா?”

“எனக்குத் தெரியும்.”

“காது குத்து என்னைக்கு?”

“இன்னைக்கு. உச்சிக்குள்ள.”

அம்மை முறத்தைக் கீழே வைத்தாள்.

கரையில் படகு கிடந்தது. அம்மை அதை ஒருமுறை சுற்றி வந்தாள். பலகை இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தாள்.

“இறக்குங்க.”

“ஒழுகும்.”

“இறக்குங்க.”

இருவருமாகத் தள்ளினார்கள். முழங்கால் ஆழத்தில் படகு மிதந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் கசிந்து தேங்கியது.

“கல் கொண்டாங்க.”

பாரம் ஏற்றினால் ஒழுகும் இடம் தெரியும்போல என்று தரகர் நினைத்தார். பெரிய பெரிய கல்லாகத் தூக்கி வந்து கொடுத்தார். அம்மை வாங்கி வாங்கி உள்ளே அடுக்கினாள்.

“இன்னும் இடுப்பளவுக்குத் தள்ளுங்க.”

தள்ளினார்.

“இன்னொரு கல்.”

கொடுத்தார்.

படகு ஒரு தடவை குமிழி விட்டது. அப்படியே உள்ளே போய்விட்டது. மூக்கு மட்டும் ஒரு விரல் அளவு வெளியே தெரிந்தது.

தரகருக்கு மூச்சே நின்றது. பிறகு திரும்பி வந்தது.

“அடிப்பாவி! அம்மையாவது ஆட்டுக்குட்டியாவது! உன்னைப் பெரிய மனுஷின்னு நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! அவன் கண்ணு வச்சான், நீ கல்லே வச்சுட்டியே!”

அம்மை சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டே நின்றாள். அவர் முடிக்கும்வரை நின்றாள்.

“தரகரே, கோடையில வண்டிச் சக்கரம் லொடலொடன்னு ஆடினா என்ன செய்வீங்க?”

“குளத்துல தூக்கிப் போடுவேன்.”

“வெயில்ல காயப் போடமாட்டீங்களா?”

“எவனாவது காயப் போடுவானா? தண்ணியில கிடந்தாத்தானே மரம் ஊறி, உப்பி, இடுக்கெல்லாம்…”

நிறுத்தினார். தண்ணீருக்குள் கிடந்த படகைப் பார்த்தார்.

“எத்தனை நாள் கிடக்கணும்?”

“மூணு.”

“முகூர்த்தம் இன்னைக்கு!”

“தெரியும்.”

தரகர் ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். அக்கரையில் தென்னங்கீற்றுப் பந்தல் தெரிந்தது. புகை எழுந்தது. யாரோ நாதஸ்வரத்துக்குச் சுருதி பார்த்தார்கள்.

“அக்கரைக்குப் போகணும் அம்மை,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “என்ன விலைன்னாலும் சொல்லுங்க.”

அம்மை அவர் தோளிலிருந்த துண்டை உருவினாள். அதைத் தன் கைமேல் போர்த்தி அவர் முன்னால் நீட்டினாள்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்துச் சொல்வார்கள். முப்பது வருஷப் பழக்கம். தரகரின் கை தானாக உள்ளே போனது.

அம்மை அவருடைய ஒரு விரலைப் பிடித்தாள்.

“ஒண்ணா? ஒண்ணுன்னா என்ன?”

“ஒரு பேரு.”

சூடுபட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார்.

“விலை கூடுதல்.”

“ஒரே விலைதான்.”

“நீங்க கூப்பிடுங்களேன். உங்க வாய்க்கு என்ன?”

“எனக்கு அக்கரையில என்ன வேலை?”

தரகர் எழுந்தார். பேரம் படியாத மாட்டைச் சுற்றுவதுபோல் அம்மையை ஒரு சுற்று சுற்றினார். வாழ்நாளில் எவன் சொன்ன விலைக்கும் அவர் வாங்கியதில்லை. கையைக் குவித்து வாயில் வைத்தார்.

“ஏ… ஓடம்!”

அக்கரையில் அசைவில்லை.

“ஏ… மரகதம் புருஷா!”

அதற்கும் இல்லை.

“பாருங்க. கல்லு மாதிரி நிக்கிறான். இப்பவும் என்னைத்தான் பாக்குறான். திமிரு.”

“கையில என்ன வச்சிருக்கான்?”

தரகர் நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். விசேஷ வீட்டுக்காரன், பட்டு வேட்டியைத் தொடைவரை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றான்.

“என்னமோ கயிறு.”

“நல்லாப் பாருங்க.”

பார்த்தார். துறையில் ஓடம் கட்டுகிற முளை மொட்டையாக நின்றது. ஓடத்தின் கயிறு அவன் கையில் இருந்தது.

“அவுத்து வச்சிருக்கான்,” என்றார்.

“தினமும் நிக்கிறான்னு சொன்னீங்களே.”

“ஆமா.”

“இந்த ஒரு மாசமும் கையில அந்தக் கயிறு இருந்துச்சா?”

தரகர் மறுபடி அந்தக் கயிற்றைப் பார்த்தார்.

நாதஸ்வரம் ஆரம்பித்தது. பந்தலிலிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. மொட்டை அடித்த அழுகையா, பசி அழுகையா, தெரியவில்லை. அப்படியே தாத்தன் குரல். பாதிக் காயலுக்குக் கேட்டது.

தரகர் அம்மை கையிலிருந்த துண்டை வாங்கி உதறி இடுப்பில் கட்டினார். மூழ்கிக் கிடந்த படகைத் தாண்டி, இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினார்.

“டேய்… பூமிநாதா!”

கயிறு ஓடத்துக்குள் விழுந்தது.

“பூமிநாதா! நாலு வருஷமா என்னை இந்தக் கரையிலேயே நிறுத்தி வச்சிருக்கியே, நல்லா இருக்காடா உனக்கு? மசமசன்னு துழாவாதே! சீக்கிரம் வந்து ஏத்திக்கிட்டுப் போய், என் பேரனை என் மடியில வைடா!”