நிறம் மாறாத டிரம்

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் வசந்தாமணியின் பட்டறை இருந்தது. பிரேக் வேலையைத் தவிர வேறெதையும் அவள் கையில் எடுப்பதில்லை. அவளிடம் தொழில் பழக வந்த பொன்னுரங்கமோ அவளைவிட மூத்தவர். தேயிலை வியாபாரத்தை விட்டுவிட்டு, தம் தகப்பனார் காலத்துக் கறுப்புக் காரோடு வந்து நின்றவர்.

அந்தக் காரை அவர் ஓட்டி மலையிறங்கும்போதுதான் அவர் மனைவி அமிர்தவேணி இறந்தாள். காரின் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் இருந்தது. பின்சக்கரங்களில் பழைய டிரம் பிரேக். “பின்பிரேக் சூடேறி விட்டுப் போச்சு. என்ன மிதிச்சும் பிடிக்கலை” என்று போலீசிடம் சொன்னார். உறவினரிடம் சொன்னார். மகள் சுகந்தியிடமும் சொன்னார். சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது.

“பின்னாலயும் டிஸ்க் மாத்துங்கப்பா. அப்புறம் ஏறுறேன்” என்று மகள் சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் இந்த வயதில் கையில் கிரீஸ் பூசிக்கொண்டார்.

அந்தக் காருக்குப் பின் டிஸ்க் எந்தக் கடையிலும் விற்பதில்லை. வேறொரு காரிலிருந்து எடுத்துத்தான் பொருத்த வேண்டும். பழைய இரும்புக் கடைகளில் இருவரும் அலைந்தார்கள். அங்கே ஒரு லாரியின் டிரம்மை வசந்தாமணி புரட்டிப் போட்டாள். அதன் உட்சுவர் நீலம் பாய்ந்து கிடந்தது.

“இது என்ன சொல்லுதுங்கண்ணா?”

“இரும்பு துருப்பிடிச்சிருக்கு.”

“துரு செவப்பா இருக்கும். இது சூடு. மலை பூரா பிரேக்கை மிதிச்சுக்கிட்டே எறங்கியிருக்கான். டிரம்மை உள்ளேயிருந்து அழுத்திப் பிடிக்கற இந்த ஷூவைத் தடவிப் பாருங்க.”

தடவினார். கண்ணாடிபோல் வழுக்கிற்று.

“ஷூ மேல ஒட்டின லைனிங் தீஞ்சா இப்படித்தான் இருக்கும். மனுசன் மறந்தாலும் இரும்பு மறக்காது.”

கடைசியில், முன்பக்கம் நொறுங்கிய ஒரு காரின் பின்சக்கரங்களில் அவர்களுக்கு வேண்டியது கிடைத்தது. இரண்டு டிஸ்க்குகள், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு காலிப்பர்கள். தகடு வெட்டி, துளையிட்டு, ஹேண்ட்பிரேக் கம்பியை நீட்டி, எல்லாவற்றையும் பொன்னுரங்கமே பொருத்தினார். வசந்தாமணி ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை.

பிறகு குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலை. ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலை மிதிக்க வேண்டும். மற்றவர் காலிப்பரில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். வசந்தாமணி ஏறி அமர்ந்து மிதித்தாள். அவர் படுத்துக்கொண்டு திறந்தார். எத்தனை முறை திறந்து மூடினாலும் பெடல் பஞ்சுபோல் உள்ளே போயிற்று.

“ஆயில் மோசம்” என்றார்.

ஆயிலை மாற்றினார்கள். பெடல் மறுபடியும் அமுங்கிற்று.

“மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும்.”

அதையும் மாற்றினார்கள்.

“இதை வித்தவன் ஒரு திருட்டுப்பய. ஓட்டைக் காலிப்பரைத் தலையில கட்டிட்டான்.”

வசந்தாமணி மிதித்துக்கொண்டே இருந்தாள். வெயில் சாய்ந்தது. அவர் ஸ்பேனரைத் தரையில் வீசினார்.

“வாத்தியாரம்மா, எங்க தப்பு?”

“இப்பத்தான் கேக்கறீங்க” என்று அவள் இறங்கி வந்தாள். “நிப்பிள் எங்க இருக்குது?”

“கீழே.”

“காத்து எங்க நிக்கும்?”

காற்று மேலேதான் தங்கும்; அவர் குனிந்து காலிப்பரைப் பார்த்தார். இடப்பக்கத்துக் காலிப்பரை வலப்பக்கத்திலும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்திலும் மாட்டியிருந்தார். மேலே இருக்க வேண்டிய வாசல் கீழே போய்விட்டது.

“காலையிலேயே தெரியுமா உங்களுக்கு?”

“மாட்டும்போதே தெரியும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“ஆயிலைத் திட்டினீங்க, சிலிண்டரைத் திட்டினீங்க, வித்தவனைத் திட்டினீங்க. வரிசையில உங்க கை எப்ப வரும்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

காலிப்பர்களைக் கழற்றி இடம் மாற்றினார்கள். நிப்பிள்கள் மேலே வந்தன. காற்று குமிழ் குமிழாக வெளியேறிற்று. பெடல் கல்லாக நின்றது. பொன்னுரங்கம் கையைத் துடைத்துக்கொண்டு, வெகுநாளாக மனத்தில் வைத்திருந்ததைக் கேட்டார்.

“நாளைக்கு சுகந்தி வர்றா. அவகிட்ட நீங்க ஒண்ணு சொல்லணும்.”

“என்னங்கண்ணா?”

“பழைய பிரேக் மோசமா இருந்துச்சுன்னு. நான் சொன்னா அது அப்பன் பேச்சு. நீங்க சொன்னா தீர்ப்பு.”

“பொண்ணு சந்தேகப்படுதா?”

“ஒண்ணும் கேக்கறதில்லை. சும்மா பாக்கறா.”

வசந்தாமணி பட்டறையின் மூலைக்குப் போனாள். சாக்கை விலக்கி, அவருடைய காரிலிருந்து கழற்றிய பழைய டிரம்மையும் ஷூவையும் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

“படிங்க.”

அவர் வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். உட்சுவர் சாம்பல் நிறம். எங்கும் நீலம் இல்லை. ஷூவின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். சுண்ணாம்புக்கட்டிபோல் சொரசொரத்தது.

அன்று மலையிறங்கும்போது ஒரு வளைவில் அமிர்தவேணி ஏதோ சொன்னாள். அவர் அவள் பக்கம் திரும்பி, இடக்கையை ஓங்கினார். மறுபடி சாலையைப் பார்த்தபோது எதிரே தடுப்புச்சுவர் நின்றது. கால் பிரேக்கின் பக்கம் போகவே இல்லை.

டிரம் கனத்தது. அதைக் கீழே வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

“எப்பத்திலிருந்து தெரியும்?”

“கழட்டின அன்னிக்கே.”

“அன்னிக்கே சொல்லித் துரத்தியிருக்கலாமே. எதுக்குத் தொழில் கத்துக்குடுத்தீங்க?”

“படிக்கத் தெரியாதவர்கிட்ட இதை நீட்டி என்ன பிரயோசனம்?”

அவர் குரல் தணிந்தது. “நீங்க எதுவும் சொல்ல வேண்டாம், அம்மா. அவ கேட்டா தலையை மட்டும் ஆட்டுங்க. போதும்.”

“மாட்டின பிரேக்குக்கு நான் ஜவாப்தாரி. கழட்டின பிரேக் மேல பொய்சாட்சி சொல்ல மாட்டேன்.”

“அப்ப நான் அவகிட்ட என்னதான் சொல்றது?”

வசந்தாமணி கார்ச்சாவியை அந்த டிரம்மின் குழிக்குள் போட்டாள். அது ஒருமுறை சுற்றி அடங்கிற்று.

“அது எனக்குத் தெரியாதுங்கண்ணா. ஆனா இப்ப மாட்டியிருக்கறது நல்ல பிரேக். இனிமே எது மேல பழியைப் போடுவீங்க?”