கதவடைத்த பிறகு பார்க்கப் போன ஊர்

மேற்கு மலைக்காட்டில், ஓடைக்கரைக் குங்கிலிய மரத்தில் ஓர் இருவாச்சிப் பறவைத் தம்பதி வாழ்ந்துவந்தது. ஆணின் பெயர் செங்கண்ணன். பெண்ணின் பெயர் வெள்ளையம்மா. இருவாச்சிகளில் ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெளுப்பு. பெயர் வைப்பதற்கு அந்தக் காட்டில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

செங்கண்ணன் நல்லவன். உழைப்பாளி. பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தான். ஒரே ஒரு குறைதான். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பான்.

"ஏனுங்க, இன்னைக்கு அத்திக்குப் போலாமுங்களா, ஆலமரத்துக்குப் போலாமுங்களா?" என்று வெள்ளையம்மா கேட்பாள்.

"பார்க்கலாம்!"

அவன் பார்த்து முடிப்பதற்குள் குரங்குகள் இரண்டு மரத்தையும் காலி செய்துவிட்டுப் போயிருக்கும்.

இரண்டு வருஷமாக மழை பொய்த்தது. ஓடை மெலிந்தது. அத்தியும் ஆலும் பேருக்குக் காய்த்தன. அப்போதுதான் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பருந்து வந்தது.

"இங்கே கிடந்து ஏன் காய்கிறீர்கள்? அடுத்த ராஜ்யத்தில் பெரிய நகரம் ஒன்று இருக்கிறது!" என்றது பருந்து. "பேச்சு வேறே, ஜனம் வேறே. ஆனால் ஏரியைச் சுற்றி வரிசை வரிசையாக ஆலும் அத்தியும்! வருஷம் முழுக்கப் பழம். தின்னத்தான் ஆளில்லை!"

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டான் செங்கண்ணன்.

"ஒரு பகல்! காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம்."

பருந்து பொய் சொல்லவில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து மலையில் மாடப்பன் என்று இன்னொரு இருவாச்சி இருந்தான். செங்கண்ணனின் சிநேகிதன். அவனும் அவன் பெண்டாட்டியும் இதைப் பற்றி மூன்று நாள் சண்டை போட்டார்கள். காடே காதைப் பொத்திக்கொண்டது. நாலாம் நாள் இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பிவிட்டார்கள்.

"மாப்ளே, நாங்க போறோம்! நீயும் வர்றியா?" என்று கேட்டான் மாடப்பன்.

"பார்க்கலாம் மாப்ளே!"

"என்னத்தப் பார்க்கறது?"

"நீங்க முன்னால போங்க. நான் யோசிச்சுட்டுச் சொல்றேன்."

செங்கண்ணன் யோசித்தான். யோசனை போதாமல் அதே மரத்தில் கீழ்ப் பொந்தில் குடியிருந்த குக்குறுவானிடம் போய்க் கேட்டான். குக்குறுவான் உள்ளங்கை அளவுப் பச்சைக்குருவி. பேச்சில் மட்டும் யானை.

"நான் போகலைங்ணா! பழம் குறைஞ்சா ரெண்டு புழு தின்னுக்குவேன். எம் பொண்டாட்டிகிட்டயும் சொல்லியாச்சு. இங்கயேதான்!"

"அதுவும் சரிதான்" என்றான் செங்கண்ணன்.

காலையில் போவதென்று எழுந்திருப்பான். மதியம் மனசு மாறும். சாயங்காலம் இருப்பதென்று தூங்கப் போவான். மதில்மேல் பூனைகூட ஏதாவது ஒரு பக்கம் குதித்துவிடும். இவன் குதிக்கவே இல்லை.

இதற்குள் முட்டையிடும் பருவம் வந்துவிட்டது.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண் மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆண் ஈரமண் கொண்டுவந்து கொடுக்கும். அதைக் குழைத்துப் பூசி, பெண் தன் வாசலைத் தானே அடைத்துக்கொள்ளும். ஓர் அலகு நுழையும் அளவுக்குச் சின்னச் சந்து மட்டும் இருக்கும். உள்ளே போனதும் அதன் பறக்கும் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். குஞ்சு வளரும் வரை, புதுச் சிறகு முளைக்கும் வரை, புருஷன் கொண்டுவந்து கொடுப்பதுதான் சோறு. வெளியே இருக்கிற ஒருவன் வருவான் என்று நம்பித்தான் அந்த மண்ணைப் பூசுகிறது.

வெள்ளையம்மா பொந்தின் வாசலில் நின்றாள்.

"ஏனுங்க, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. போறதுன்னா போலாம், நானும் வர்றேன். இந்த மரம்தான் வேணும்னு எனக்கு ஒண்ணும் இல்லீங்க. இருக்கறதுன்னா இருக்கலாம். எதுன்னாலும் கதவடைக்கறதுக்கு முந்திச் சொல்லிப்போடுங்க. அப்புறம் எனக்குச் சிறகு இருக்காது."

செங்கண்ணனுக்குப் 'பார்க்கலாம்' என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டான்.

"இருக்கலாம்" என்றான்.

அன்றைக்கு எதுவும் செய்ய வேண்டாத வார்த்தை அதுதான். அதனால் அதைச் சொன்னான். அவளுக்கு அது தெரியாது. சந்தோஷமாக உள்ளே போனாள். அவன் மண்ணுருண்டை கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்க, அவள் பூசிக்கொண்டே வந்தாள். கடைசியில் அவளுடைய வெள்ளைக் கண் ஒன்று மட்டும் சந்தில் தெரிந்தது.

அவன் குறை வைக்கவில்லை. தொண்டை நிறையப் பழம் அடக்கிக்கொண்டு வருவான். ஒவ்வொன்றாகக் கக்கிச் சந்தில் நீட்டுவான். பழம் கிடைக்காத நாளில் ஓணானாவது பிடித்துவருவான். முட்டை பொரிந்தது. உள்ளேயிருந்து 'கீச்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. அன்றைக்குச் செங்கண்ணன் ஓடைக்கரை மரங்களுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

ஆனாலும் பழம் ஊட்டிவிட்டு அலகைத் துடைக்கும்போதெல்லாம் அவன் பார்வை மலைக்கு அந்தப் பக்கம் போகும். வாய் இருக்கலாம் என்று சொல்லிவிட்டதே தவிர, மனசு இன்னும் மூட்டை கட்டிக்கொண்டுதான் இருந்தது.

ஒருநாள் பருந்து மறுபடி வந்தது.

"உன் சிநேகிதன் மாடப்பனைப் பார்த்தேன்! நன்றாகக் கொழுத்துவிட்டான். நீ இன்னும் இங்கேயா?"

அன்று செங்கண்ணனுக்கு நாலே நாலு பழம்தான் கிடைத்திருந்தது. 'சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன? போக ஒரு பகல், வர ஒரு பகல். நல்ல ஊராக இருந்தால், குஞ்சு பறந்ததும் எல்லோரும் போய்விடலாமே!' என்று நினைத்தான். நினைப்பில் ஒரு தப்பும் அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஓடி ஓடிப் பொறுக்கி, வழக்கத்தைவிட அதிகமாக ஊட்டினான்.

"இன்னைக்குக் கொஞ்சம் தூரமாப் போறேன் புள்ளே. நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன்."

"எங்கீங்க?"

"பழம் பார்க்கத்தான்."

அது பொய் இல்லை. அதனால்தான் அவன் மனசு உறுத்தவில்லை.

வெள்ளையம்மா உள்ளேயிருந்து, "சரிங்க, பார்த்துப் போங்க. குஞ்சு இப்பத்தான் கண்ணு தொறந்திருக்குது" என்றாள்.

பருந்து முன்னே பறந்தது. செங்கண்ணன் பின்னே பறந்தான்.

பருந்து இறக்கையை விரித்துக் காற்றின்மேல் படுத்துக்கொண்டது. காற்றே அதைத் தூக்கிக்கொண்டு போனது. இருவாச்சிக்கு அந்த வித்தை ஏது? ஒவ்வொரு அடியையும் தன் தோளால் அடித்துத்தான் போக வேண்டும். மதியத்துக்குள் செங்கண்ணனுக்கு மூச்சு வாங்கியது. ஒரு மரத்தில் உட்கார்ந்தான். நிமிர்ந்து பார்த்தால் பருந்து புள்ளியாகிவிட்டிருந்தது. முதல் நாள் பொழுது சாயும்போது அவன் மலையைத்தான் தாண்டியிருந்தான்.

பருந்தின் ஒரு பகல் இருவாச்சிக்கு இரண்டு பகல். பருந்து அதைச் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை.

'திரும்பிவிடலாமா?' என்று ஒரு மனசு கேட்டது. 'இவ்வளவு தூரம் வந்தாச்சே!' என்றது இன்னொரு மனசு. இரண்டும் பேசிக்கொண்டே அவனை நகரத்தில் கொண்டுபோய் விட்டன. அப்போது இரண்டாம் நாள் சாயங்காலம். அவன் வீட்டில் இருந்திருக்க வேண்டிய நேரம்.

பருந்து சொன்னது அத்தனையும் உண்மை! பெரிய ஏரி. கரை நெடுகப் பழுத்துக் குலுங்கும் மரங்கள். கீழே பஸ்ஸும் காரும் இரைந்தாலும் மேலே நிழல் குளுகுளு என்றிருந்தது. செங்கண்ணன் வயிறு முட்டத் தின்றான். அலுப்பில் அங்கேயே கண்ணயர்ந்துவிட்டான்.

விடிந்ததும் மாடப்பன் பார்த்துவிட்டான்.

"வா மாப்ளே, வா வா! கடைசியில வந்துட்டியா! எம் பொண்டாட்டி அதோ அந்தத் தூங்குமூஞ்சி மரத்துல கதவடைச்சு உட்கார்ந்திருக்கா. குஞ்சு பொரிச்சாச்சு! அவளுக்கு ஊட்டிட்டு வர்றேன். உனக்கு நல்ல பொந்தாப் பார்த்து வெச்சிருக்கேன், போய்ப் பாரு."

செங்கண்ணன் போய்ப் பார்த்தான். பொந்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கிழக்கே பார்த்திருந்தது. இன்னொன்றைப் பார்த்தான். அது ஆழமாக இருந்தது, வாசல்தான் அகலம். மறுபடி முதல் பொந்துக்கு வந்தான். இப்படியே உச்சிவெயில் வந்துவிட்டது.

மாடப்பன் திரும்பி வந்தான். அவன் அலகில் ஒரு பழம் மீதி இருந்தது.

"எது பிடிச்சுது மாப்ளே? சரி, தங்கச்சி எங்கே? களைச்சுப் போச்சா? எந்த மரத்துல விட்டுட்டு வந்தே?"

"அங்கதான் இருக்கா. நம்ம காட்டுல. கதவுக்குள்ள."

மாடப்பன் அலகிலிருந்த பழம் கீழே விழுந்தது.

"என்ன சொன்னே? கதவடைச்ச பெறகா வந்தே?"

"சும்மா ஒரு பார்வை பார்த்துட்டுப் போலாம்னு..."

"பார்வையா! அடப்பாவி! அவளுக்குச் சிறகு இருக்குதாடா? போடா! இப்பவே போ!"

மாடப்பனே பழங்களைப் பறித்துச் செங்கண்ணனின் தொண்டையில் திணித்தான். அப்போதுதான் செங்கண்ணனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

பறந்தான். வரும்போது முதுகில் தள்ளிய காற்று இப்போது முகத்தில் அடித்தது. மலையை நெருங்கும்போது, இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காத மழை பிடித்துக்கொண்டது. நனைந்த இறக்கை கல்லாகக் கனத்தது. ஒரு பாறை இடுக்கில் ஒதுங்கி நின்றான். பசித்தது. தொண்டையிலிருந்த பழத்தில் ஒன்றைக்கூட அவன் விழுங்கவில்லை.

ஆறாம் நாள் காலையில் குங்கிலிய மரத்துக்கு வந்து சேர்ந்தான்.

கதவு உடைந்திருந்தது. உலர்ந்த மண்கட்டிகள் வேரடியில் சிதறிக் கிடந்தன.

"இப்பத்தான் வர்றீங்களாங்ணா?" என்றது குக்குறுவான். அதன் வாயில் இப்போது யானை இல்லை.

"வெள்ளையம்மா எங்கே?"

"ரெண்டாம் நாள் சாயங்காலம் வரைக்கும் சத்தமே இல்லைங்ணா. வந்துருவாருன்னு அண்ணி சொல்லிட்டே இருந்தாங்க. மூணாம் நாள் குஞ்சு கத்துச்சு. நானும் பழம் கொண்டுபோய்க் குடுத்தேன். என் வாயில எத்தனை பிடிக்கும்? எம் பிள்ளைக மூணு வேற. நாலாம் நாள் குஞ்சு கத்தலைங்ணா. அதுக்கப்புறம்தான் அண்ணி கதவை உடைச்சாங்க."

வெள்ளையம்மா மரத்தடியில், இரண்டு வேர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். விழுந்த அடியில் ஒரு கால் வீங்கியிருந்தது. இறக்கையில் சிறகு இருந்த இடத்தில் குச்சி குச்சியாக முளை மட்டும் இருந்தது. அவள் ஏறிப் பார்த்திருக்கிறாள். அடிமரப் பட்டையெல்லாம் அவளுடைய நகக்கீறல்.

செங்கண்ணன் அவள் முன்னால் இறங்கினான். ஒரு பழத்தைக் கக்கி அவள் காலடியில் வைத்தான்.

அவள் அதைப் பார்த்தாள்.

"இது நம்ம காட்டுப் பழமில்லீங்களே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்த ஊர்ல பழம் நெறைய இருக்குங்களா?"

"இருக்கு."

"மாடப்பண்ணன் வீட்டுல?"

"நல்லா இருக்காங்க. குஞ்சு பொரிச்சாச்சு."

கீழ்ப் பொந்தில் குக்குறுவானின் பிள்ளைகள் மூன்றும் இரைக்குக் கத்தின. வெள்ளையம்மா அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருக்கலாமுங்களே! நான் வர்றேன்னுதானே சொன்னேன்" என்றாள்.

திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. அந்த வேரடியிலேயே விழுந்து அழுதான்.

அவளுக்குச் சிறகு முளைக்கும் வரை அவன் தரையிலேயே அவளுக்குக் காவல் இருந்து ஊட்டினான். ஒரு வேளைகூடத் தவறவில்லை. அவள் வாங்கித் தின்றாள். சிறகு முளைத்ததும் பறந்தாள். பழையபடி இரண்டு பேரும் ஒரே கிளையில்தான் உட்கார்ந்தார்கள். மழை திரும்பியது. காட்டில் பழமும் திரும்பியது. நகரத்தைப் பற்றிச் செங்கண்ணன் பேசுவதே இல்லை. 'பார்க்கலாம்' என்ற வார்த்தையும் அவன் வாயில் வருவதில்லை.

அடுத்த பருவம் வந்தது. ஓடைக்கரையிலிருந்து நல்ல ஈரமண்ணாகப் பார்த்து எடுத்து, உருட்டி, பொந்தின் வாசலில் கொண்டுவந்து வைத்தான். தினமும் ஓர் உருண்டை வைத்தான். வெள்ளையம்மா கிளையில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். அந்தப் பருவம் முடியும் வரை அவள் அந்த மண்ணைத் தொடவே இல்லை.

போனவர்களும் பிழைத்துக்கொள்வார்கள், இருந்தவர்களும் பிழைத்துக்கொள்வார்கள். வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டு மனசால் இன்னொன்றைத் தேடிப் போகிறவனோ, தன்னை நம்பிக் கதவடைத்தவர்களைத்தான் பலி கொடுக்கிறான்.