பட்டிமன்றத்தில் ஜெயித்த தவளை

காட்டுக் குளம் ஒன்று வற்றிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஆற்றுக்குப் போகும் வாய்க்காலில் மட்டும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. அதுவும் நின்றுவிட்டால், தாவத் தெரியாத தலைப்பிரட்டைகள் குளத்தோடு காய்ந்து சாக வேண்டியதுதான்.

போவதா, இருப்பதா? உடனே முடிவெடுக்க வேண்டிய விஷயம். ஆகவே தவளைகள் பட்டிமன்றம் வைத்தன.

நடுவர் ஆமையார். ‘இருப்பதே’ என்ற அணியில் பேச ஆள் கிடைக்கவில்லை. அதைப் பொன்வாயன் என்ற தவளையின் தலையில் கட்டினார். அவன் ஆற்றுக்குப் போக மூட்டை கட்டி வைத்திருந்தவன். ஆனாலும் மேடை கிடைத்தால் விடுவானா?

“நடுவர் அவர்களே! என் தாத்தா காலத்தில் இந்தக் குளம் வற்றியதா? இல்லை. என் அப்பா காலத்தில்? இல்லை. என் காலத்தில் மட்டும் எப்படி வற்றும்? அதோ பாருங்கள், மேகம்! பெற்ற தாயைப் போன்ற குளத்தை விட்டு ஓடுபவர்கள் ஓடட்டும்!”

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. நான் அங்கே இருந்திருந்தால் எழுந்து நின்று தட்டியிருப்பேன். ஆமையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இருப்பதே” என்று தீர்ப்புச் சொன்னார்.

பொன்வாயன் மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தான். மனைவி செவ்வந்தி பிள்ளைகளை வாய்க்கால் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்க, கிளம்பலாம்.”

“எங்கே? நாம இங்கதான் இருக்கப் போறோம். நான் பேசினதைக் கேக்கலையா?”

“கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. காலையில தண்ணி வத்துதுன்னு என்னை அவசரப்படுத்தினது நீங்கதானே? நீங்க பேசினதும் தண்ணி ஏறிடுச்சா?”

பொன்வாயன் மாலையைக் கழற்றினான். ஊரை நம்பவைக்கப் போய்த் தானும் நம்பிவிட்ட முட்டாள் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டான். அதிலும் அவனுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

குளத்துக்கு ஓடினான். “நான் பேசினதை நம்பாதீங்க. கிளம்புங்க” என்றான்.

“தாத்தா காலத்துல வத்தலையே?” என்று எல்லாத் தவளைகளும் அவனையே மடக்கின.

“முன்னால பேசின தம்பி பிரமாதமாப் பேசினார். நீங்க சுமார்தான்” என்றது ஒரு கிழத்தவளை.

“ஐயா, அந்தத் தம்பியும் நான்தான். எங்க தாத்தாவை நான் பார்த்ததே இல்லை. அவர் காலத்துல வத்தலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? வத்தலைன்னே வைங்க, அதனால இப்ப வத்தாதா? மேகத்தைக் காட்டினேன். அது இங்கதான் பெய்யும்னு யார் சொன்னது? அதோட என்கிட்ட இருந்த காரணம் தீர்ந்துபோச்சு. அதான் தாயை இழுத்தேன். நீங்க அழுதீங்க. வெக்கமில்லாம நானும் அழுதேன். எல்லாரும் மேலேயே பார்த்தோம். ஒருத்தரும் குனிஞ்சு தண்ணியைப் பார்க்கலை.”

தவளைகள் குனிந்து பார்த்தன. காலையில் கழுத்தளவு இருந்த தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது.

உடனே எல்லாத் தவளைகளும் பிள்ளைகளை வாய்க்காலில் தள்ளிக்கொண்டு கிளம்பின. கடைசித் தலைப்பிரட்டை ஆற்றில் இறங்கியபோது வாய்க்காலில் வெறும் சேறுதான் மிச்சம் இருந்தது. பொன்வாயன் நன்றியுரை சொல்ல வாயைத் திறந்தான். செவ்வந்தி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

பேச்சுக்குக் கை தட்டலாம். ஆனால் அதன்படி நடப்பதற்கு முன், அதில் சொன்ன காரணம் நிற்குமா என்று பார்த்துவிட வேண்டும், பேசியவர் நாமாகவே இருந்தாலும்.